பேசாலைப் பக்கார்ட்டும் சீதன ஒழிப்புச் செயலாளரும்

மன்னார்க் கச்சேரி அலுவலகத்தில் காணிப் பகுதிக் கிளாக்கராக இருந்த பெனடிக்ற், நாற்பத்திரண்டு வயதிலும் சீதன ஒழிப்பு வாலிபர் சங்கத்தின் செயலாளராக இருந்தார். 'வாலிபர்' என்ற சொல்லில் சிலருக்குச் சந்தேகம் உண்டு. செயலாளர் அவர்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சங்கத்தில் மிஞ்சியிருந்தவரே அவர் ஒருவர்தான். தொடங்கியபோது ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் யாழ்ப்பாணத்தில் கல்வீடும் வளவும் உள்ள பெண்ணை முடித்து, தாய் தகப்பனின் கட்டாயம் என்று கண்கலங்கி விலகினார். உபதலைவருக்கும் பொருளாளருக்கும் அதே கட்டாயம் ஒரே வருஷத்தில் வந்தது. ஐந்தாமவர் கண்கலங்கக்கூட மினக்கெடவில்லை. பெனடிக்றின் பெற்றோரோ நேரத்தோடு காலமாகிவிட்டார்கள். கட்டாயப்படுத்த ஆளில்லாததால் அவருடைய கொள்கைக்கு ஒரு பழுதும் வரவில்லை.

கொள்கைக்கு அடுத்தபடியாக அவர் நேசித்தது அமெரிக்கக் கார்களை. கொழும்பில் இருந்த ஒரு சிநேகிதர் பழைய சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாக அனுப்புவார். மற்றவர்கள் அறைச் சுவரில் திருக்குடும்பத்தை மாட்டியிருக்கும் இடத்தில் பெனடிக்ற் கடிலக், லிங்கன், பக்கார்ட் என்ற மூவரை ஒட்டிவைத்திருந்தார். எந்த வருஷத்துக் காருக்கு எத்தனை சிலிண்டர், எந்தக் காரின் ஆசனத்துக்கு எந்தத் துணி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கார் ஓட்ட மட்டும் தெரியாது. "ஓட்டுறது டிறைவற்ர வேலை, அறியிறது படிச்சவன்ர வேலை" என்று சொல்லிவிட்டு, பிரேக் பிடிக்காத றாலி சைக்கிளில் ஏறிப் போவார்.

அறுபத்தேழாம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசாலை என்ற மீனவ ஊரின் பங்கு மண்டபத்தில் சீதனத்தைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். அவர் பேசினார். பெண்கள் கைதட்டினார்கள், ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். "சீதனம் என்ற சாபத்தைக் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுங்கள்" என்று அவர் முடித்தபோது, கடல் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டதைப் போல வடக்கிலிருந்து மழையை அனுப்பியது. பஸ்ஸுக்கு நடந்தவர் பாதி வழியில் நனைந்து, கரையோரம் நின்ற ஒரு வள்ளக் கொட்டிலுக்குள் ஓடிப் புகுந்தார்.

உள்ளே ஒரு பக்கம் வள்ளம் ஒன்று குப்புறக் கிடந்தது. மறுபக்கம் பனையோலைப் பாய்களால் மூடிய இன்னொரு வள்ளம். மழைத் தண்ணீரைத் துடைக்கலாம் என்று ஒரு பாயின் நுனியைப் பிடித்து இழுத்தார். பாய் வழுகி விழுந்தது. சிறகை உயர்த்திக் கழுத்தை வளைத்த ஒரு வெள்ளிப் பறவை அவருடைய மூக்குக்கு நேரே நின்றது.

பெனடிக்ற் தொப்பியைக் கழற்றினார். கோயிலுக்கு வெளியே அவர் தொப்பியைக் கழற்றுவது அரிது. பறவைக்குக் கீழே அகன்ற மூக்கு, இரண்டு பக்கமும் பெரிய விளக்குகள், அதற்கப்பால் கொட்டிலின் இருட்டுக்குள் போய் முடியாமல் நீண்ட கறுப்பு உடம்பு. நாற்பத்தெட்டாம் ஆண்டு பக்கார்ட். மன்னார்த் தீவில் சைக்கிள் மணி இரண்டு மழைக்குத் தாங்காது. கதவுப் பிணைச்சல் கலியாணத்துக்குப் பூட்டினால் ஞானஸ்நானத்துக்கு உதிர்ந்துவிடும். இங்கே இரண்டு தொன் அமெரிக்க இரும்பு, ஒரு புள்ளித் துரு இல்லாமல், நேற்று இறக்கியது போல நின்றது. கையை வைத்தார். கை வழுகியது. முகர்ந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"ஆரது கொட்டிலுக்க?" என்று வாசலில் ஒரு குரல். "வலைக்கு வந்தனியோ, மழைக்கு வந்தனியோ?"

அது கொன்ஸ்ரன்ரைன், அந்தக் கொட்டில்காரரின் வள்ளங்களுக்கு மண்டாடி, அதாவது தொழிலாளருக்குத் தலைவன்.

"மழைக்குத்தான். இது பக்கார்ட் அல்லோ?"

"எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது ஐயா. கார் எண்டுதான் சொல்லுறம்."

"இதென்ன மணம்?"

"சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசேக்க இதுக்கும் பூசுவம். வள்ளமும் உப்புக்காத்துக்க கிடக்கு, இதுவும் கிடக்கு. ரெண்டுக்கும் ஒரே நியாயந்தானே."

"காருக்குச் சுறா எண்ணெய் பூசுற நாடு உலகத்தில இல்லை!"

"அப்ப இங்க வந்துதான் பாக்கோணும்" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

குடையோடு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கருவாடு காயவைக்கும் வாடியில் இருந்து நேரே வந்தவள் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள்தானே இப்ப மண்டபத்தில சீதனத்தைக் கடலுக்க தள்ளச் சொன்ன ஆள்?"

"ஓம்" என்றார் பெனடிக்ற், கொஞ்சம் பெருமையாக.

"அப்ப வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ. அதுதான் என்ர சீதனம்."

அவள் பெயர் மாக்கிறட். காரின் கதையை அன்றே அவளுடைய தாய் அன்னப்பிள்ளை தேத்தண்ணியோடு சேர்த்துக் கொடுத்தாள். மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் பத்து வருஷத்துக்கு முன் நாட்டை விட்டுப் போக முடிவெடுத்து, கப்பலேற அந்தக் காரில் தலைமன்னாருக்கு வந்தார். துரையை ஏற்றுவோம், காரை ஏற்ற மாட்டோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்போது கருவாடு அனுப்ப அங்கே நின்றவர் மாக்கிறட்டின் தகப்பன் யாகப்பர்; நான்கு வள்ளமும் இரண்டு கரைவலையும் வைத்திருந்த சம்மாட்டி. துரையின் அவசரத்தைப் பார்த்து வாங்கிவிட்டார். துரையின் டிறைவர் காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு ரயிலில் ஊருக்குப் போனார். அதற்குப்பிறகு அந்தக் காரை ஓட்ட ஒருவர் வரவில்லை. வரவேண்டும் என்று யாகப்பரும் நினைக்கவில்லை. "பேசாலையில காருள்ள சம்மாட்டி ஆர்?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். பதிலுக்கு எதற்குப் பெற்றோல்? சக்கரம் மண்ணில் புதையாமல் வண்டியைப் பனங்குற்றிகளில் ஏற்றி, எஞ்சினுக்குள்ளும் எண்ணெய் ஊற்றி, சாகிறபோது சொல்லிவிட்டுச் செத்தார்: "கார் மாக்கிறட்டுக்குச் சீதனம். விக்கக் கூடாது, மாத்தக் கூடாது."

அதன்பிறகு மூன்று மாப்பிள்ளைகள் வந்தார்கள். மூவரும் பெண்ணைப் பார்த்துச் சம்மதித்து, காரை முகர்ந்து பார்த்துச் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வீடாகவோ வளவாகவோ தந்தால் பார்க்கலாம் என்றார்கள். செத்தவரின் சொல்லை மாற்ற அன்னப்பிள்ளை உடன்படவில்லை. மாக்கிறட் வாடியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஊரில் அவளுக்குக் 'கார்ப் பெட்டை' என்று பெயர்.

"எனக்கு வித்தால்..." என்று தொடங்கினார் பெனடிக்ற்.

"விக்க ஏலாது தம்பி. பிள்ளையைக் கட்டினால்தான்" என்றாள் அன்னப்பிள்ளை.

பெனடிக்றின் கோப்பையில் தேத்தண்ணி அப்படியே இருந்தது. இருபது வருஷமாகச் சுவரில் பார்த்துக் கும்பிட்டதைக் கடவுள் கண்ணில் காட்டிவிட்டு, அதைத் தொடுவதற்கு ஒரே ஒரு வழியை வைத்திருந்தார். அந்த ஒரே வழியை ஒழிப்பதற்கான சங்கத்துக்குத்தான் இவர் செயலாளர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெனடிக்ற் மறுபடி பேசாலை பஸ் ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும் ஏறினார். சும்மா பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்ப்பது சீதனம் வாங்குவதாகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பின் ஆசனத்தில் உட்காருவார். அந்த ஆசனத்தின் சாம்பல் நிறக் கம்பளித் துணி ஆயரின் கதிரைக்குக்கூடக் கிடைக்காது. முன்பலகையில் ஒரு மணிக்கூடு இருந்தது. என்றைக்கோ நான்கே காலுக்கு நின்றுபோனது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது. பெரிய இடத்து மனிதர் ஒருவர் தொண்டையைக் கனைத்தது போல ஒரு 'ம்' மட்டும் வரும். அதைக் கேட்பதற்காக அவர் திறந்து திறந்து சாத்துவார். மாக்கிறட் வாடியில் இருந்து வந்து, கருவாட்டுக் கடகத்தைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எட்டுச் சிலிண்டரும் ஒரே வரிசையில. ஓடேக்க முன்பலகையில ஒரு சதக் காசை நிமித்தி வைச்சால் விழாது."

"ஓடேக்கையோ?"

"ஓம்."

"இப்பவும் விழாது, வைச்சுப் பாருங்கோ" என்றாள் மாக்கிறட். "கிளாக்கர், உங்களுக்கு ஓட்டத் தெரியுமோ?"

"அது முக்கியமில்லை."

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. அப்பரும் இதுக்குள்ள இப்பிடித்தான் இருக்கிறவர். அவர் சுருட்டுப் பத்துவார், நீங்கள் மூக்கைக் கட்டியிருக்கிறியள். அவ்வளவுதான் வித்தியாசம்."

காரின் மூக்கில் நின்ற பறவையைப் பற்றி ஒரு ஞாயிறு பெரிய விவாதமே நடந்தது. அது அன்னம் என்றார் பெனடிக்ற். நீர்க்காகம் என்றான் கொன்ஸ்ரன்ரைன். வலைக்குள் தலையை விட்டு மீன் களவெடுக்கும் சாதி, அதனால்தான் கார் ஓடாமல் கிடக்கிறது என்றான். ஜெபமாலைச் சபைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்த பங்குச் சுவாமியார், தன் நெஞ்சைக் கொத்தி இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா அது, நற்கருணைப் பேழையில் உள்ள அதே பறவை என்று தீர்ப்புச் சொல்லி, சிலுவை போட்டுவிட்டுப் போனார். ஒரே இரும்பை ஒருவர் அழகென்றார், ஒருவன் களவு என்றான், ஒருவர் தியாகம் என்றார். மாக்கிறட்டை யாரும் கேட்கவில்லை.

"எனக்கு அது மாப்பிள்ளை கலைக்கிற குருவி" என்றாள் அவள், கேட்காமலே.

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். பெனடிக்ற் அன்றைக்கு வழக்கத்தை விட ஒரு பஸ் பிந்திப் போனார். ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கத்தில் அதற்கொரு தீர்மானம் இருக்கவில்லை.

குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆம்பிளை ஞாயிறுக்கு ஞாயிறு வருவதைக் கார் பார்க்கிறார் என்று நம்புகிற ஊர் உலகத்தில் எங்கேயும் கட்டப்படவில்லை. பேசாலை மட்டும் விதிவிலக்காக இருக்குமா? தவக்காலம் தொடங்குவதற்கு முன் அன்னப்பிள்ளை நேரே கேட்டாள்.

"தம்பி, ஊர் கதைக்குது. நீங்கள் வாறது காருக்கோ, பிள்ளைக்கோ?"

பெனடிக்ற் ஒரு கிழமை அவகாசம் கேட்டார். அந்தக் கிழமை முழுவதும் மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்த சனூனின் சாப்பாட்டுக் கடையில் இரண்டு நேரமும் கொள்கையைப் பிட்டுப் பிட்டுப் பார்த்தார். சனூன் கல்லாவில் இருந்தபடியே இடியப்பமும் ஆலோசனையும் வழங்குகிறவர்.

"சீதனமெண்டு கேட்டு வாங்கிறதுதான் பிழை" என்றார் பெனடிக்ற். "கேக்காமல், பெண்சாதிக்குப் பின்னால தானா வாற பொருளுக்கு என்ன பேர்?"

"எங்கட ஊரில அதுக்குப் பேரும் சீதனந்தான், கிளாக்கர்."

"உங்கட மார்க்கத்தில மாப்பிள்ளையெல்லோ பொம்பிளைக்குக் குடுக்கிறது?"

"மஹர். அல்லாட கட்டளை. நூத்தியொரு ரூவா மஹர் குடுத்துத்தான் நானும் முடிச்சன்."

"பாத்தீங்களோ!"

"குடுத்திட்டு, மாமனாரிட்ட இந்தக் கடையை வாங்கினன். கட்டளையையும் மீறேல்லை, கடையையும் விடேல்லை. குழம்பு விடவோ?"

பெனடிக்றுக்கு வழி திறந்தது. அடுத்த ஞாயிறு அன்னப்பிள்ளைக்கும் மாக்கிறட்டுக்கும் பங்குச் சுவாமியாருக்கும் முன்னால் எழுந்து நின்று, மண்டபத்தில் பேசும் குரலில் அறிவித்தார்: "நான் மாக்கிறட்டைக் கட்டச் சம்மதம். ஆனால் சீதனமாக ஒரு ஓலைப்பாய்கூட எனக்கு வேண்டாம்." மனைவி எங்கே இருப்பாளோ அங்கே மனைவியின் கார் இருக்கும், கார் எங்கே இருக்குமோ அங்கே கணவன் உட்காருவான், இதில் வாங்கியது யார், கொடுத்தது யார்? இந்தப் பகுதியை அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்னப்பிள்ளை அழுதாள். மாக்கிறட் மட்டும் அவரை வெகுநேரம் பார்த்தாள். வலை ஏறுகிறபோது கனம் மீனா பாசியா என்று கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"கொள்கையில யோசிக்க என்ன கிடக்கு?"

"ஒண்டுமே வேண்டாமோ?"

"ஒண்டுமே வேண்டாம்."

"அப்ப சரி" என்றாள் மாக்கிறட்.

கத்தோலிக்கக் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனும் இன்னார் மகளும் விவாகம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று. ஈஸ்டர் கழிந்ததும் முதல் ஓலை வாசித்தார்கள். தடை இல்லை. பெனடிக்ற் கொட்டிலுக்குப் போய் 'ம்' சத்தத்தை வீட்டுக்காரர் என்ற முறையில் முதல்முறையாகக் கேட்டு அனுபவித்தார். அடுத்த ஞாயிறு மன்னாரில் பூசை பிந்தி முடிந்ததால் பேசாலையில் இரண்டாம் ஓலை வாசித்த பிறகுதான் பஸ்ஸால் இறங்கினார். இறங்கியதும் கடல் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது; கனத்த பட்டுத்துணியை யாரோ முடிவில்லாமல் கிழித்துக்கொண்டிருப்பது போல ஒரு மெதுவான இரைச்சல். இதுவரை கேட்டதில்லை என்றாலும் சஞ்சிகையில் வாசித்திருந்தார். எட்டுச் சிலிண்டர், ஒரே வரிசை.

ஓடிப் போய்க் கொட்டிலுக்குள் பார்த்தார். காரின் மூடி வயிறு கிழித்த சுறாவைப் போலத் திறந்து கிடந்தது. உள்ளே மணல் தெரிந்தது. மூன்று பனைமரத்தைக் கட்டிக் கயிறு போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். மரங்கள் இன்னும் அப்படியே நின்றன. பாரம் இறங்கியதால் காரின் மூக்கு மேலே எழும்பி, எஞ்சின் இருந்த காலத்தை விடப் பெருமையாக இருந்தது.

கரையில் மாக்கிறட் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'அந்தோனியார்' என்ற அவளுடைய பெரிய வள்ளம் நுரையைக் கிழித்துக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. கொன்ஸ்ரன்ரைன் முன்பக்கத்து அணியத்தில் நின்று கத்தினான். பயத்தில் கத்தினானா சந்தோஷத்தில் கத்தினானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"என்ன செய்து போட்டீங்கள்!"

"வள்ளத்துக்கு எஞ்சின் கேட்டுப் பேர் பதிஞ்சு ரெண்டு வருசம், இன்னும் வரேல்லை. கொட்டிலுக்க ஒண்டு சும்மா கிடந்துது. தலைமன்னார் ரயில்ப் பகுதியில இருந்த மெக்கானிக் ஒருத்தரைப் பிடிச்சம். அப்பர் விட்ட எண்ணெய் உள்ளுக்க அப்பிடியே கிடந்ததாம். விக்கேல்லைத்தானே எண்டு அம்மாவும் விட்டிட்டா."

"அது பக்கார்ட்டின்ர எஞ்சின்!"

"ஓம். இப்ப அந்தோனியார்ர எஞ்சின்."

"என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே!"

மாக்கிறட் கையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "உங்களை ஏன் கேக்கோணும்? சீதனமெண்டால் மாப்பிள்ளையைக் கேக்கத்தான் வேணும். நீங்கள் வேண்டாமெண்டு சுவாமியாருக்கு முன்னால நிண்டு சொன்னியள். சீதனமில்லாட்டி அது என்ர சாமான். என்ர சாமானை என்ர வள்ளத்தில பூட்டினன்."

பன்னிரண்டு வருஷமாகப் பெனடிக்ற் மேடைதோறும் பேசிய வாதம் அது. அதற்கு மறுப்புத் தெரிந்த ஒருவரையும் அவர் இதுவரை சந்தித்ததில்லை. தானும் தயாரித்து வைத்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு ஓலை கிடக்கு" என்றாள் மாக்கிறட். இப்போது அவள் சிரிக்கவில்லை. "மூண்டு பேர் காரை மணந்து பாத்திட்டுப் போனவங்கள். நாலாவது ஆள் அது இல்லாமலும் வருவாரோ எண்டு எனக்கும் பாக்கோணும் போல கிடந்தது. தடை இருந்தால் சுவாமியாரிட்டச் சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

அந்தக் கிழமை சனூனின் கடையில் இடியப்பம் ஆறிப்போனது.

"நாகரிகமில்லாத வேலை! என்ர சாமானை என்ர வள்ளத்தில பூட்டினனாம். கேட்டீங்களோ கதையை? நீங்கள் சுருட்டுப் பத்தேல்லை, அவ்வளவுதான் வித்தியாசமெண்டு முதலும் ஒருக்காச் சொன்னவ. மாப்பிள்ளை கலைக்கிற குருவியாம்..."

"கிளாக்கர்" என்றார் சனூன், "கார் கண்ட நாளில இருந்து நீங்கள் இந்தக் கடையில சிலிண்டரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தீங்கள். இந்தக் கிழமை ஒரு சிலிண்டரும் வரேல்லை. அவ சொன்னது, அவ சொன்னது, அவ சொன்னதுதான். ஏச்செண்டாலும் அவட ஏச்சு."

"அது ஆத்திரத்தில."

"ஓம், ஆத்திரந்தான். நான் என்ர மனுசியில பட்ட ஆத்திரத்துக்கு ஏழு பிள்ளை."

மூன்றாம் ஞாயிறு பேசாலைக் கோயில் நிரம்பியிருந்தது. எஞ்சின் கதை தீவின் இரண்டு முனைக்கும் போய்த் திரும்பியிருந்ததால், முஸ்லிம் ஊரான தாராபுரத்தில் இருந்துகூட நாலைந்து பேர் பூசைக்கல்ல, வாசலில் நின்று புதினம் பார்க்க வந்திருந்தார்கள். சுவாமியார் ஓலையை வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்ற இடத்தில் வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கினார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு கலியாணத்துக்குத் தடை சொல்லக்கூடிய ஒரே ஆள் மாப்பிள்ளையாக இருப்பது அந்தப் பங்கில் அதுவரை நடந்ததில்லை.

பெனடிக்ற் கணக்குப் பார்த்தார். எழுந்தால், கார் இல்லை என்பதற்காகப் பெண்ணை விட்டவர் ஆவார். நாலாவது ஆளாக மற்ற மூவரோடு வரிசையில் நிற்கலாம், ஐந்து பேர் கொண்ட சங்கத்தில் தலைவரோடும் பொருளாளரோடும் மறுபடி சேரலாம். எழாவிட்டால், பக்கார்ட்டின் எஞ்சினைக் கடலுக்குக் கொடுத்தவர் ஆவார். கொள்கைக்காக இருப்பதா, ஆசைக்காக எழுவதா என்று யோசித்தவர், பெண்கள் பக்கம் பார்த்தார். ஊரே இவரைப் பார்க்கும்போது மாக்கிறட் மட்டும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முக்காட்டின் நுனியை விரல்கள் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன. கருவாட்டுச் சந்தையில் விலை பேசும்போது அசையாத விரல்கள் அவை.

பெனடிக்றுக்கு இருமல் வந்தது. கோயில் மூச்சைப் பிடித்தது. இருமிவிட்டு, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

கலியாணத்தன்று, கார் உள்ள வீட்டுப் பெண் காரில்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அன்னப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். எஞ்சின் இல்லையே என்றார்கள். "எஞ்சின் இருக்கேக்க ஓடினதோ?" என்று கேட்டாள். புதுச் சக்கரம் பூட்டினார்கள். வள்ளக்காரர் எல்லாரும் சேர்ந்து முன்னால் இரண்டு வடம் கட்டினார்கள். வள்ளம் இழுப்பதைப் போல அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். பாட்டில் மாப்பிள்ளையைப் பழிக்க இடம் உண்டு. அன்று அந்த இடத்தை அவர்கள் வீணாக்கவில்லை.

"ஏலை ஏலோ... ஓட்டத் தெரியாத துரை வாறார்!"

"ஏலோ!"

"ஓடாத காரில ஏறி வாறார்!"

"ஏலோ!"

போகும்போது பெண் மட்டும் இருந்தாள், கார் சுகமாகப் போனது. தாலி கட்டித் திரும்பும்போது மாப்பிள்ளையும் ஏறினார். பின் ஆசனம், சாம்பல் கம்பளி, பக்கத்தில் வெள்ளைக் கூறைச் சேலையில் மாக்கிறட். சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல், ஐம்பது பேரின் மூச்சில் பக்கார்ட் மிதந்தது. அமெரிக்காவில் அந்தக் காரைச் செய்தவர்கள் இதைவிட மெதுவான ஓட்டத்தை நிச்சயமாகக் கண்டிருக்க மாட்டார்கள். பெனடிக்ற் கண்ணை மூடினார்.

கோயில் வீதி முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் கார் நின்றது. கொன்ஸ்ரன்ரைன் சுக்கானை விட்டுவிட்டுக் குதித்தான். அவன் பிடித்திருந்த ஸ்ரியறிங் சில்லை, வள்ளத்தில் போல, சுக்கான் என்றே அவன் கடைசிவரை சொன்னான். சக்கரம் கால்வாசி புதைந்திருந்தது.

"பிள்ளை, இழுக்க ஆள் காணாது. நானும் வடத்தில பிடிக்கோணும்."

"அப்ப திருப்பிறது ஆர்?" என்றாள் மாக்கிறட். பதிலுக்குக் காத்திராமல் கூறையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி, முன் கதவைத் திறந்து ஏறிச் சுக்கானைப் பிடித்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"என்ன, நீங்கள் இன்னும் இருக்கிறியள்? பாரம். இறங்கித் தள்ளுங்கோ."

"கோட்டோடையோ?"

"கழட்டி உள்ளுக்குப் போடுங்கோ. நான் பாக்கிறன்."

சீதனமாக ஓலைப்பாய்கூட வாங்காத செயலாளர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனார். பத்து வருஷமாக அந்தக் காரின் பின்பக்கம் கொட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவர் மூக்கைப் பார்த்தார், ஆசனத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், இதைப் பார்த்ததேயில்லை. காலையிலும் கோயிலடியில் சனம் மறைத்துக்கொண்டு நின்றது. உருண்டு இறங்கும் முதுகு, இரண்டு ஓரத்திலும் சின்னச் சிவப்பு விளக்கு, அகன்ற கண்ணாடிக்கு அப்பால் சுக்கானோடு மல்லுக்கட்டும் ஒரு வெள்ளை முக்காடு.

வடிவாகத்தான் இருந்தது. முன்னால் ஏலோ என்றார்கள். பெனடிக்ற் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார்.